காது கொடுப்பதும் காதில் மாட்டுவதும்: இடவல ஒலியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

போன வருஷம் நண்பர் ஒருவரோடு இரவுப் பேருந்தில் பயணம் செய்ய நேர்ந்தது. தொழிற்சங்க வேலையாக ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர். வேலை போனவர்கள், வழக்கு நிலுவையில் கிடப்பவர்கள், பிஎஃப் பணம் வராதவர்கள் என்று பகல் முழுக்க யாராவது ஒருவர் தன் கதையை அவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வண்டியில் விளக்கை அணைத்ததும் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“என்ன தோழர், பாட்டா?” என்று கேட்டேன்.

“பாட்டு இல்ல. சும்மா ஒரு சத்தம். இந்தக் காதுல ஒண்ணு, அந்தக் காதுல ஒண்ணுன்னு மாறி மாறி வரும். மூளையோட ரெண்டு பக்கத்தையும் சமப்படுத்துதாம். இது இல்லாம ஆறு மாசமா தூக்கம் இல்ல.”

வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் சொட்டுவதைப் போல ஓர் ஒலி, இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்த பத்தாவது நிமிடம் அவர் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பகலெல்லாம் அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு மனிதர், தன் பாரத்தை இறக்கி வைக்க ஆளில்லாமல் இரவில் ஒரு கருவியைக் காதில் மாட்டிக்கொள்கிறார் என்பது உறுத்தியது.

இதற்கு எதிர்வினையாக நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, ‘விஞ்ஞானம் சொல்லிவிட்டது, நல்லதுதான்’ என்பது. மற்றது, ‘போராட்டத்தை மழுங்கடிக்கிற மயக்க மருந்து’ என்று ஒரே போடாகப் போடுவது. முதல் பதில் விஞ்ஞானம் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இரண்டாவது பதில் தூக்கம் வராத மனிதனைப் பார்ப்பதில்லை. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்தச் சத்தம் எங்கிருந்து கிளம்பி நம் தோழரின் காது வரைக்கும் வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது தெரிவது, கேட்கிற மனிதர் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக அறையை விட்டு வெளியேற்றப்பட்ட கதை.

2

மனிதருக்கு இரண்டு காதுகள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் இரண்டு காதுகளுக்கும் இரண்டு வெவ்வேறு ஒலிகளைக் கொடுத்துப் பார்ப்பது என்பது 19ஆம் நூற்றாண்டின் சோதனைச்சாலையில் பிறந்த காரியம். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் டோவே 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், சற்றே வேறுபட்ட சுருதி கொண்ட இரண்டு ஒலிகளைக் காதுக்கு ஒன்றாகக் கொடுத்தபோது, வெளியே எங்கும் இல்லாத ஒரு அதிர்வைக் கேட்பவர் தலைக்குள்ளே உணர்வதைக் கண்டார். (இன்று ‘பைநாரல் பீட்ஸ்’ என்று விற்கப்படுவது இதுதான். இடவலமாக மாறி மாறி ஒலிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது விற்பனைக்கு வசதி.) 1907இல் ராலே பிரபு ஒலியின் திசையை நாம் எப்படி அறிகிறோம் என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார். தாழ்ந்த ஒலிகளில் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையிலான நேர வித்தியாசமும், உயர்ந்த ஒலிகளில் சத்த அளவின் வித்தியாசமும் திசையைச் சொல்கின்றன என்றார். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதைக்கூடப் பிரித்தறியும் உறுப்பு இது.

இந்த அறிவு சோதனைச்சாலையோடு நிற்கவில்லை. 1852இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கம்மன் இரு காதுகளிலும் பொருத்தும் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கினார். மருத்துவரின் இரு காதுகளும் அடைபட்டன. நோயாளி சொல்வதைவிட நோயாளியின் மார்பு சொல்வதே உண்மை என்ற மருத்துவ அதிகாரம் அந்தக் குழாய்களின் வழியாக இன்னும் உறுதிப்பட்டது. 1881 பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் ஒரு வேடிக்கை காட்டினார். ஆபரா அரங்கின் மேடையில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, கண்காட்சிக்கு வந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு குமிழ்களைப் பிடித்துக்கொண்டு கேட்கும்படி செய்தார். பாடகர் இடமிருந்து வலம் நடப்பது கேட்டவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, கூட்டத்தைக் கேட்காமல், தனியாகக் கேட்கும் ஒரு வெளி உருவாயிற்று.

பிறகு நடந்ததெல்லாம் சந்தையின் வரலாறு. 1931இல் ஆலன் புளூம்லைன் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1950களின் கடைசியில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது, புதுக் கருவியின் மகிமையைக் காட்டுவதற்காகவே மேளச் சத்தத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்து போலத் தட்டி விளையாடினார்கள். 1979இல் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. அந்த முதல் மாதிரியில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன. கூடவே ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். ஒருவர் தனியாகக் காதை அடைத்துக்கொண்டு இருப்பது மரியாதைக்குறைவு என்று நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டாவே கருதியிருந்தார். 1981இல் வந்த அடுத்த மாதிரியில் அந்தப் பொத்தான் இல்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை. பக்கத்தில் இருப்பவரின் குரல் உள்ளே வருவதற்கு இருந்த அந்தச் சின்ன வாசலும் அடைபட்டது.

3

கருவியின் கதையை இங்கே நிறுத்திவிட்டு, காயத்தின் கதைக்கு வருவோம். ஏனென்றால் இடவல ஒலி அமைதிக்கான மருந்தாக மாறியது இசைக்கடையில் இல்லை. அது போரிலிருந்து திரும்பியவர்களின் துக்கத்தோடு சம்பந்தப்பட்டது.

1970 டிசம்பரில் நியூயார்க்கில், போருக்கு எதிரான வியத்நாம் முன்னாள் படைவீரர்கள் அமைப்பைச் சேர்ந்த சிலர், ராபர்ட் ஜே லிஃப்டன், சைம் ஷாடன் என்ற இரண்டு உளமருத்துவர்களோடு சேர்ந்து வாரந்தோறும் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ‘ராப் குழுக்கள்’ என்று அவற்றுக்குப் பெயர். மருத்துவர்–நோயாளி என்ற படிநிலை அங்கே கிடையாது. படைவீரர்கள்தான் கூட்டினார்கள், படைவீரர்கள்தான் நடத்தினார்கள். உளமருத்துவர்களும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் பேசியது தங்களுக்கு நேர்ந்ததைப் பற்றி மட்டுமில்லை. தாங்கள் செய்ததைப் பற்றியும் பேசினார்கள். 1971 ஜனவரி 31 முதல் மூன்று நாட்கள் டெட்ராய்ட் நகரில் இதே அமைப்பினர் போர்க்குற்றங்கள் குறித்துப் பகிரங்க வாக்குமூலம் அளித்தார்கள். தூக்கமின்மையும் கெட்ட கனவும் குற்ற உணர்வும் அங்கே ஒரு அரசின் மீதான குற்றச்சாட்டாக மாறின. 1972 மே மாதம் ஷாடன் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதைப்பற்றி எழுதினார்.

இந்த அழுத்தத்தின் பலனாக 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. என்ற மனவடு நோய் இடம்பெற்றது. இது ஒரு வெற்றிதான். நோயென்று பெயர் கிடைத்தால்தான் சிகிச்சை, உதவித்தொகை எல்லாம். ஆனால் பெயர் கிடைத்த அதே கணத்தில் இன்னொன்று கைநழுவியது. குற்றச்சாட்டு நோய்க்குறியாகச் சுருங்கியது. குண்டு போட்டவரும் குண்டு விழுந்தவரும் ஒரே பட்டியலில் ஒரே நோயாளியானார்கள். அதுமட்டுமா? மனித அனுபவத்தின் வழக்கமான எல்லைக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சிதான் இந்த நோயைத் தரும் என்றது அந்த வரையறை. பெண்கள் மீதான பாலியல் வன்முறை எந்தச் சமூகத்தில் வழக்கத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கிறது என்று பெண்ணியவாதிகள் திருப்பிக் கேட்டார்கள். ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விவாதித்தார். 1994இல் வந்த நான்காம் பதிப்பில் அந்த வாசகம் நீக்கப்பட்டது. அன்றாடமே வன்முறையாக இருக்கிற சேரிகளைப் பற்றி எழுதுகிற, பேசுகிற நமக்கு இந்தத் திருத்தத்தின் அர்த்தம் யாரும் விளக்கித் தெரியவேண்டியதில்லை.

4

இந்த இடத்தில் ஃபிரான்சின் ஷப்பிரோ வருகிறார். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தபோது புற்றுநோய் கண்டு, அதன் பிறகு உளவியல் பக்கம் திரும்பியவர். 1987இல் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, மனதை வாட்டிய நினைவுகள் சட்டென்று வலுவிழந்ததை உணர்ந்தாராம். அந்த நேரத்தில் தன் கண்கள் வேகமாக இப்படியும் அப்படியும் அசைந்ததைக் கவனித்ததாகச் சொன்னார். 1989இல் 22 பேரை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். வியத்நாமிலிருந்து திரும்பியவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் அதில் இருந்தார்கள். கெட்ட நினைவை மனதில் நிறுத்திக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இடவலமாக அசைவதைக் கண்ணால் தொடரவேண்டும். கொஞ்ச நாளில் இதற்கு ஈ.எம்.டி.ஆர். என்று பெயர் நிலைத்தது. கண்ணசைவால் நினைவின் கூர்மையைத் தணித்து, அதை மறுபடி செரிக்க வைப்பது என்று அதன் பொருளைச் சொல்லலாம்.

கண்ணுக்குப் பதில் காதுக்கும் கைக்கும் வேலை கொடுக்கலாம் என்பது சீக்கிரமே தெரிந்தது. விரல் அசைவைத் தொடர முடியாதவர்களுக்கு இரு காதுகளிலும் மாறி மாறி ஒலி, இரு கைகளிலும் மாறி மாறித் தட்டல். மாற்றுத் தூண்டல்களைப் பற்றி ஷப்பிரோவே 1994இல் எழுதினார். நம் தோழரின் காதில் விழுந்த சொட்டுச் சத்தத்தின் பூர்வீகம் இதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தக் கட்டத்தில் ஒலி தனியாக இல்லை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். எட்டுப் படிநிலைகள் கொண்ட அந்தச் சிகிச்சையில் ஒலி ஒரு பகுதிதான். ‘இப்ப என்ன தோணுது?’ என்று ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அவர் கேட்கிறார். ராப் குழுவின் வட்டம் சிதைந்து ஒருவராகச் சுருங்கியிருக்கிறது என்றாலும், அந்த ஒருவர் இன்னும் இருக்கிறார்.

அந்த ஒருவரும் லேசில் கிடைக்கிற ஆளாக இல்லை. தொடக்க ஆண்டுகளில் இந்த முறையைப் பயிற்சி நிறுவனம் இறுகப் பிடித்து வைத்திருந்தது. பயிற்சி பெறுகிறவர்கள், தாங்கள் கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கமாட்டோம் என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை 18ஆம் நூற்றாண்டின் மெஸ்மரிசத்தோடு வரிசையாக ஒப்பிட்டுக் காட்டினார்.

5

மெஸ்மர் 1778இல் பாரிசுக்கு வந்தார். பிரபஞ்சம் முழுவதும் பரவியிருக்கும் காந்தத் திரவம் உடலில் தடைப்படுவதே நோய் என்றார். தொட்டியைச் சுற்றி நோயாளிகள் உட்கார, கண்ணாடிக் கிண்ணங்களைச் சுழற்றி வாசிக்கும் ஒரு வாத்தியம் ஒலிக்கும். வலிப்பு வரும், அழுகை வரும், பிறகு அமைதி வரும். ரகசியத்தைக் கற்றுத்தர ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர் கட்டணம் 100 தங்க லூயி. சாதாரண ஜனங்கள் நெருங்க முடியாத தொகை.

1784இல் மன்னர் பதினாறாம் லூயி ஓர் ஆணையம் அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் தலைமை. லவாய்சியர், பெய்லி, கியோத்தின் எல்லாம் உறுப்பினர்கள். கண்ணைக் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். காந்தம் பாய்ச்சப்பட்டதாக நம்பினால் வலிப்பு வந்தது, பாய்ச்சப்பட்டது தெரியாவிட்டால் ஒன்றும் வரவில்லை. திரவம் என்று எதுவும் கிடையாது, எல்லாம் கற்பனையின் வேலை என்று தீர்ப்பளித்தார்கள். இதில் சுவாரசியம் என்னவென்றால், மெஸ்மர் பயன்படுத்திய அந்தக் கண்ணாடி வாத்தியத்தை 1761இல் உருவாக்கியவர் இதே பிராங்க்ளின்தான்.

பகுத்தறிவுப் பாரம்பரியத்தில் வந்த நாம் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடிவிட்டுப் போய்விடலாம். அது போதாது. ‘கற்பனை’ என்று சொல்லி ஆணையம் கோப்பை மூடியது. அந்தக் கற்பனை எப்படி ஒரு உடலைக் குலுக்கி அமைதிப்படுத்துகிறது, ஒரு அறையில் பலர் சேர்ந்து உட்கார்வது அதில் என்ன பங்கு வகிக்கிறது என்ற கேள்விகள் அனாதையாக நின்றன. அகாதெமிகளால் ஒதுக்கப்பட்ட கோபத்தோடு மெஸ்மரின் பக்கம் நின்றவர்களில், பின்னாளில் புரட்சியின் முன்னணிக்கு வந்த பிரிஸோவும் ஒருவர் என்பதை ராபர்ட் டார்ன்டன் 1968இல் வெளியான தன் நூலில் காட்டியிருக்கிறார். மோசடிக்கு எதிராக நிற்கிற அதிகாரமும் அதிகாரம்தான். அதே நேரத்தில், 100 லூயி வாங்கிக்கொண்டு ரகசியம் விற்றவரும் ஜனங்களின் ஆள் இல்லை. ஜனங்களின் துக்கம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

6

சரி, இடவல ஒலியில் விஷயம் இருக்கா இல்லையா? தெரிந்த மட்டில் சொல்லிவிடுகிறேன்.

ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையால் மனவடு நோய் தணிகிறது என்பதற்குச் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் அது பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. சண்டை முழுவதும், அதில் கண்ணசைவுக்கும் ஒலிக்கும் பங்கு என்ன என்பதில்தான். 2001இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, கண்ணசைவால் கூடுதல் பயன் இல்லை என்றது. 2013இல் வந்த இன்னொன்று, உண்டு என்றது.

‘மூளையின் ரெண்டு பக்கத்தையும் சமப்படுத்துதாம்’ என்ற விளக்கம் மட்டும் நிற்காது. பிளவுபட்ட மூளை பற்றிய ஆய்வுக்காக ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தபிறகு, இடது மூளை கணக்குப் போடும், வலது மூளை கவிதை எழுதும் என்கிற ஒரு புராணம் வெகுஜனப் பத்திரிகைகளில் பரவியது. இந்த விளக்கம் அதன் வாரிசு. உண்மையில் ஒரு காதில் விழும் ஒலி மூளையின் இரண்டு பக்கங்களுக்குமே போகிறது. எதிர்ப்பக்கத்துக்குச் சற்று வலுவாகப் போகிறது, அவ்வளவுதான். இரு காதுகளின் பாதைகளும் மூளைத் தண்டிலேயே சந்தித்துவிடுகின்றன. மேலும், இடவலமாக இல்லாமல் மேலும் கீழுமாகக் கண்ணை அசைத்தாலும் நினைவின் கூர்மை குறைகிறது என்று 2008இல் வெளியான சோதனைகள் காட்டின. அப்படியானால் இடது–வலது என்பதற்கு என்ன விசேஷம்?

இன்று வலுவாக இருக்கிற விளக்கம் எளிமையானது. மனதின் உடனடி வேலைப்பரப்பு சிறியது. ஒரு கெட்ட நினைவை அதில் வைத்துக்கொண்டே கவனம் தேவைப்படும் இன்னொரு காரியத்தையும் செய்தால், இடம் போதாமல் நினைவு மங்குகிறது. மங்கிய வடிவிலேயே அது திரும்பச் சேமிக்கப்படுகிறது. கணக்குப் போட்டாலும் நடக்கும். இந்த விளக்கத்தின்படி பார்த்தால், சும்மா காதில் விழுகிற ஒலி மனதுக்கு அதிக வேலை தருவதில்லை. ஆகவே அதன் பலனும் குறைவாக இருக்கவேண்டும். நெதர்லாந்தில் மார்சல் வான் டென் ஹவுட் குழுவினர் 2012இல் நோயாளிகளிடம் சோதித்தபோது அப்படித்தான் இருந்தது. கண்ணசைவைவிட ஒலியின் பலன் குறைவு.

அப்புறம் எப்படி நம் தோழர் பத்து நிமிடத்தில் தூங்கினார்? காயத்தை ஆற்றுவது வேறு, உடலைத் தளர்த்துவது வேறு. புதிய ஒலி கேட்டதும் நாய் காதை விறைத்துத் திரும்புவதை பாவ்லவ் ‘அது என்ன?’ என்கிற அனிச்சைச் செயல் என்றார். அதே ஒலி ஆபத்தில்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த விறைப்பு அடங்கிவிடும். அடுத்தது எப்போது, எந்தப் பக்கம் வரும் என்பது தெரிந்த ஒலி இது. நாளைக்கு என்ன வரும் என்று தெரியாத ஒருவருக்கு, அடுத்த நொடி மட்டுமாவது நிச்சயமாக இருக்கிறது. இதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

7

ஆனால் ஒலிக்கென்று இயல்பாகவே ஒரு கருணை கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். 1971 ஆகஸ்டில் வட அயர்லாந்தில் விசாரணையின்றிக் கைது செய்யப்பட்டவர்களில் 14 பேரைத் தனியே கொண்டுபோய், தலையில் முகமூடியை மாட்டி, சுவரோடு நிற்க வைத்து, உணவையும் தூக்கத்தையும் மறுத்து, இடைவிடாத இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978இல் இதை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்றது, சித்திரவதை என்று சொல்ல மறுத்தது. இன்றைய அளவுகோலில் அது சித்திரவதையாகவே கருதப்படும் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. ஏறக்குறைய அதே வகை இரைச்சலை இன்று பலர் தூங்குவதற்காகத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். ஒலியை நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதே வித்தியாசம். எனவே கேள்வி, ஒலியைப் பற்றியது என்பதைவிட அதைச் சுற்றியுள்ள உறவைப் பற்றியது.

இடவலத் தூண்டலின் வரலாற்றிலேயே இதற்கு வேறொரு உதாரணம் உண்டு. 1997 அக்டோபரில் புயல் தாக்கிய மெக்சிகோவின் அகபுல்கோ நகரில், மறு ஆண்டு லூசினா அர்த்திகாஸ் என்ற சிகிச்சையாளர் குழந்தைகளோடு வேலை செய்தபோது ஒரு முறையைக் கண்டார். குழந்தைகள் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்து, வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பது போல மாறி மாறித் தட்டிக்கொள்கிறார்கள். கருவி இல்லை, காசு இல்லை. பொத்தான் குழந்தையின் கையிலேயே இருக்கிறது. முக்கியமாக, பக்கத்தில் அதே புயலில் வீடிழந்த இன்னொரு குழந்தை உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருக்கிறது.

இதே இடவலம் இன்னொரு பாதையிலும் போனது. சிகிச்சையறையிலிருந்து ஒலி மட்டும் தனியே உருவப்பட்டு, ஒலிப்பேழையாகி, குறுந்தகடாகி, கைப்பேசிச் செயலியாகியது. 2020 ஊரடங்கின்போது தலையைச் சுற்றி வரும் ‘8டி’ பாட்டுகள் வாட்ஸப்பில் சுற்றியதை நாம் பார்த்தோம். எட்டுப் படிநிலைகளில் ஏழு போய்விட்டன. ‘இப்ப என்ன தோணுது?’ என்று கேட்க ஆளில்லை. வேலைநேரத்தைக் குறைப்பதைவிட ஊழியர்களுக்கு ஒரு செயலியை வாங்கித் தருவது முதலாளிக்கு மலிவு. அழுத்தத்தை உண்டாக்குகிறவரே அழுத்தம் தணிக்கும் சத்தத்தையும் விநியோகிக்கலாம். பாதிக்கப்பட்டவர் இரண்டுக்கும் நன்றி சொல்லவேண்டும்.

இதை ஈழத்தை வைத்து யோசித்தால் இன்னும் துலக்கமாகும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தமிழர்களின் மனதில் ஏற்படுத்திய வடுக்கள் குறித்து 1998இல் நூல் எழுதினார். காயம் தனிமனிதருக்குள் மட்டும் இல்லை. குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்தே காயப்படுகின்றன. ஆற்றுவதும் அந்த மட்டத்தில் நடக்கவேண்டும் என்று 2007இல் அவர் கூட்டு மனவடு பற்றிய ஆய்வில் வாதிட்டார். போர் நடந்த நாடுகளுக்கு வெளியிலிருந்து மனவடு சிகிச்சைத் திட்டங்களை ஏற்றுமதி செய்வதை டெரெக் சம்மர்ஃபீல்ட் 1999இல் கடுமையாக விமர்சித்திருந்தார். நீதி சம்பந்தப்பட்ட ஒன்றைச் சிகிச்சை சம்பந்தப்பட்டதாக மாற்றிவிடுகிற ஆபத்தை இத்தகைய விமர்சனங்கள் சுட்டின. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது மன அமைதியை இல்லை. ‘என்ர பிள்ளை எங்க?’ என்ற கேள்விக்குப் பதிலை. அந்தக் கேள்வியை எந்தக் காதிலிருந்து எந்தக் காதுக்கு மாற்றித் தணிப்பது?

ஆனாலும் வாதத்தை ஒரே பக்கமாய் இழுக்கக்கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் சேர்த்துப் பார்த்த 31 குழந்தைகளோடு ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேர் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொன்னார்கள். மறுபாதிப் பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டு குழுவும் தேறின. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேசினால்தான் ஆறும் என்று நினைக்கிற என்னைப் போன்றவர்கள் இதை முழுங்கித்தான் ஆகவேண்டும். அதே சமயம், இரண்டு குழுக்களோடும் வேலை செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். அந்தப் பிள்ளைகளின் மொழி பேசுகிறவர்கள். ஆய்வு அதைச் சோதிக்கவில்லைதான். இருந்தாலும் சொன்ன பிள்ளையின் பக்கத்திலும் கண்மூடி உட்கார்ந்த பிள்ளையின் பக்கத்திலும் ஒரு ஆள் இருந்தார் என்பதை நான் கவனிக்காமல் விடமுடியாது.

8

ராப் குழுவில் ஒரு வட்டமே கேட்டது. சிகிச்சையறையில் ஒருவர் கேட்டார். செயலியில் யாரும் கேட்பதில்லை, நாம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ‘கேட்டல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் செவிமடுத்தல் என்றும் அர்த்தம், கோருதல் என்றும் அர்த்தம், வினவுதல் என்றும் அர்த்தம். ராப் குழுவில் இந்த மூன்றும் ஒன்றாக இருந்தன. இன்று காதில் மாட்டியிருப்பதில் முதலாவது மட்டும்தான் மிச்சம்.

ஹெட்போனைக் கழற்றி எறியுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தூக்கமில்லாதவன் தூங்கட்டும். என் கேள்வி நம்மை நோக்கியது. இயக்கங்களும் சங்கங்களும் சிறுபத்திரிகைகளும் நடத்துகிற நம் கூட்டங்களில் தீர்மானம் உண்டு, கண்டனம் உண்டு, நூல் விமர்சனம் உண்டு. ஒரு தோழர் ‘எனக்கு ஆறு மாசமா தூக்கம் இல்ல’ என்று சொல்வதற்கு எந்தக் கூட்டத்தில் இடம் வைத்திருக்கிறோம்? சொன்னால் பலவீனம் என்று நினைப்பார்களோ என்கிற பயத்தை யார் உண்டாக்கி வைத்தது? செயலி காலி செய்யப்படாத இடத்துக்குள் நுழையவில்லை. நாம் விட்டுவைத்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

காலையில் பேருந்து நிலையத்துக் கடையில் டீ குடிக்கும்போது தோழரிடம் கேட்டேன், எதனால் தூக்கம் போச்சு என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மார்ச் மாதம் செத்துப்போன ஒரு தொழிலாளியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். அவருக்கு ஒன்பது மணிக்குக் கோர்ட்டில் இருக்கவேண்டும். சொல்லி முடிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.